மடக்கு வண்டியின் விலை

“மூணு வருஷமாச்சுங்க உஸ்தாத். இன்னும் ஒரு வண்டிக்காவது என்னைத் தனியா விலை பேச விட்டிருக்கீங்களா?”

பொன்னுரங்கம் கேட்டார்.

உஸ்தாத் ஜைனுலாபுதீன் ஒரு பழைய கார்புரேட்டரின் துளையை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். ஊதி முடித்த பிறகே நிமிர்ந்து கேட்டார்.

“விலை தெரியுதுங்களா அண்ணே?”

“தெரியுது. ஆறு மாசமா நீங்க நினைக்கிற விலையும் நான் நினைக்கிற விலையும் ஒண்ணாத்தானே இருக்கு?”

“இருக்கு.”

“பின்னே?”

உஸ்தாத் மறுபடியும் ஊதலானார்.

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு நாற்பத்திரண்டு. நூற்பாலை மூடப்பட்டபோது, இருபத்தெட்டு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்த பொன்னுரங்கம் இந்தப் பழைய வண்டிச் சந்தைக்கு வந்து, தம்மைவிட இளையவரான ஒருவரின் காலடியில் ஸ்பானரும் கையுமாக அமர்ந்தார். அதில் அவருக்கு வெட்கம் ஏதுமில்லை. வித்தை யாரிடம் இருக்கிறதோ அவரே பெரியவர்.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

“திங்கக்கிழமை ஒரு அபார்ட்மெண்டுல வாட்ச்மேன் வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. வூட்டுல போகச் சொல்றா. இன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இங்க இருப்பேன். இல்லீன்னா விசிலை வாங்கிக்க வேண்டியதுதான்.”

உஸ்தாத் கார்புரேட்டரைக் கீழே வைத்தார்.

“சரிங்கண்ணே. இன்னிக்கு ஒரு வண்டியை நீங்களே பாருங்க. நீங்களே பேசுங்க. நான் இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்க மாட்டேன். சரியா விலை வெச்சுட்டீங்கன்னா, நாளையிலிருந்து பக்கத்துல உங்களுக்கும் ஒரு ஸ்டூல்.”

பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

அந்தச் சந்தையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

முன்னொரு காலத்தில் அது மாட்டுச் சந்தை. மாடுகள் குறைந்தன, வண்டிகள் பெருகின. தரகர்களின் துண்டு மட்டும் மாறவில்லை. துண்டுக்கடியில் கை கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். அறியாத வெளியாட்கள் வாயால் கேட்கலாம். தரகர் மதிப்பைச் சொல்வது மட்டும் விரலால்தான். ஒரு தரகர் வாய் திறந்து, பலர் கேட்க, ஒரு பொருளுக்கு மதிப்புச் சொல்லிவிட்டால் அதிலிருந்து அவர் பின்வாங்க முடியாது. சொன்ன விலையை அவரே கொடுத்தாக வேண்டும். அல்லது கொடுப்பவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஆகவே அங்கே வாய்கள் எல்லாம் தேநீருக்கும் வெற்றிலைக்கும் மட்டுமே திறந்தன.

மேற்கு வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ நின்றிருந்தது. அதிலிருந்து உடைந்த கிரைண்டர் ஒன்றும், காலொடிந்த இரும்புக் கட்டில் ஒன்றும் இறங்கின. மூன்றாவதாக ஒரு பொருள் இறங்கிற்று.

முழங்கால் உயரம். இரண்டு சின்னச் சக்கரங்கள். மேலே நீல வர்ணம் பட்டை பட்டையாக உரிந்திருந்தது.

“அட, ஸ்டவ்வுக்குச் சக்கரம் வெச்சுட்டாங்கப்பா!” என்றார் பக்கத்துக் கடைத் தரகர் வெள்ளிங்கிரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பொன்னுரங்கமும் சிரிக்கத்தான் வாயெடுத்தார்.

சிரிப்பு வரவில்லை.

பெட்ரோல் டாங்கின் மேல் உண்மையிலேயே ஸ்டவ்வில் இருப்பதுபோல் ஒரு கைப்பம்பு இருந்தது. டாங்கு தாழ இருப்பதால் காற்றடித்துத்தான் பெட்ரோலை மேலேற்ற வேண்டும். கைப்பிடிகள் இரண்டும் மடங்கியிருந்தன. இருக்கை உள்ளே இறங்கியிருந்தது. பிரேக் ஒன்றே ஒன்று, அதுவும் பின்சக்கரத்தில்.

குனிந்து, செருப்பைச் சரிசெய்பவர்போல, கட்டைவிரல் நகத்தால் நீல வர்ணத்தைச் சுரண்டினார்.

அடியில் பச்சை. பட்டாளத்துப் பச்சை.

பொன்னுரங்கத்துக்கு வண்டி இன்னதென்று புரிந்துவிட்டது. உலக யுத்தத்தின்போது வானத்திலிருந்து குதிக்கும் சிப்பாய்களுக்காக, உருளைக்குள் மடித்துவைத்துப் பாராசூட்டில் இறக்கிய வண்டி. உஸ்தாத் வைத்திருந்த பழைய படம் ஒன்றில் மட்டுமே அதைக் கண்டிருக்கிறார். சட்டத்தின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் அழியாமல் இருந்தன.

 அந்த எண்களை இருமுறை படித்தார்.

ஆனாலும் முகம் மாறவில்லை. அதுவும் கற்ற வித்தைதானே? முதலில் கிரைண்டரைத் தட்டிப் பார்த்தார். கட்டிலை ஆட்டிப் பார்த்தார். கொட்டாவி விட்டார். பிறகே வண்டியின் சக்கரத்தை ஓர் உதை உதைத்தார்.

“இது யாருதுங்க?”

ஆட்டோவின் பின்னாலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தாள். பெயர் தெய்வாத்தாள் என்றாள்.

“எங்கூட்டுக்காரர் மலை மேல எஸ்டேட்டுல டிரைவரா இருந்தாருங்கண்ணா. தொரை போறப்ப இதைக் குடுத்துட்டுப் போனாராமா. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. இடத்தை அடைச்சிட்டுக் கெடக்குது.”

“ஓடுதுங்களா?”

“யாரு கண்டா? கோழிதான் ஏறி உக்காந்துட்டிருந்துச்சு.”

“என்ன எதிர்பார்க்கறீங்க?”

“இரும்புக் கடையில ஆயிரத்து இருநூறு சொன்னாங்க. நீங்க ஆயிரத்து ஐந்நூறா குடுத்தீங்கன்னா தையல் மிஷினுக்கு மோட்டார் மாத்திக்குவேனுங்க. மோட்டார் புகைஞ்சு போயி ரெண்டு மாசமாச்சு. காலால மிதிச்சு மிதிச்சு முட்டி போச்சுங்கண்ணா.”

பொன்னுரங்கம் நாக்கைச் சப்புக் கொட்டி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“ஆயிரத்து முந்நூறுங்க. அதுவே அதிகம்.”

அவள் வண்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“சரி, எடுத்துக்கங்க.”

அச்சாரமாக நூறு ரூபாயை அவள் கையில் வைத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். 

“மீதியை உஸ்தாத் கடையில வாங்கிக்கலாம், வாங்க.”

வண்டியை அவர் உருட்டினார். அவள் பின்னால் நடந்தாள். வேடிக்கை பார்க்க வெள்ளிங்கிரியும் நாலைந்து பேரும் தொடர்ந்தார்கள்.

உஸ்தாத் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த திருப்புளி நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை.



உஸ்தாத் துண்டை விரித்தார். பொன்னுரங்கம் அதனடியில் கையை நீட்டினார்.

முதலில் மூன்று விரல்களை அழுத்தினார்: மூன்று லட்சம். பிறகு இரண்டு விரல்கள்: இருபதாயிரம்.

உஸ்தாத்தின் தலை மெல்ல அசைந்தது. ஆம், அதுவே அதன் விலை.

“வாங்கினது?” என்றார் தாழ்ந்த குரலில்.

ஒரு விரல். பிறகு மூன்று விரல்.

உஸ்தாத்துக்கு விளங்கவில்லை. ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்று எண்ணிப் புருவத்தை உயர்த்தினார். பொன்னுரங்கம் அவர் காதருகே குனிந்தார்.

“லட்சமில்லீங்க. ஆயிரம்.”

துண்டுக்கடியில் உஸ்தாத்தின் கை அப்படியே நின்றுபோயிற்று.

“அம்மா, நீங்க எவ்வளவு கேட்டீங்க?”

“ஆயிரத்து ஐந்நூறு கேட்டேனுங்க. அண்ணன் இருநூறு குறைச்சுட்டாரு. பரவாயில்லீங்க, மோட்டாரை நான் பார்த்துக்கறேன்.”

உஸ்தாத் சீடரின் பக்கம் திரும்பினார்.

“அந்த இருநூறை ஏன் குறைச்சீங்க அண்ணே?”

பொன்னுரங்கம் புன்னகைத்தார். தேர்வில் கடினமான கேள்விக்கு விடை அறிந்தவனின் புன்னகை அது. மறுபடியும் காதோடு சொன்னார்:

“கேட்டதை அப்படியே குடுத்தா சந்தேகம் வந்துருமுங்களே. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

உஸ்தாத்தின் முகம் வெளுத்தது. யாரோ அவரை அறைந்துவிட்டதுபோல் இருந்தது.

“ஆமா,” என்றார். “நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

பிறகு அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

எழமாட்டேன் என்று சொன்னவர் எழுந்ததைக் கண்டு பொன்னுரங்கம் ஓரடி பின்வாங்கினார். உஸ்தாத் உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் பத்துப் பவுண்டுச் சம்மட்டி இருந்தது.

“என்னங்க உஸ்தாத்?”

“ஆயிரத்து முந்நூறுக்கு வாங்கினது பழைய இரும்பு. இரும்புக் கடைக்காரன் முழுசா எடுக்க மாட்டான். எஞ்சின் அலுமினியம் தனி, சட்டம் தனின்னு உடைச்சாத்தான் தராசுல வைப்பான்.”

“உஸ்தாத், விளையாடாதீங்க.”

“விளையாட்டு இல்லீங்கண்ணே. வியாபாரம்.”

பக்கத்தில் கிடந்த கல்லின் மேல் ஓர் அடி அடித்துப் பிடியைச் சரிபார்த்தார். பொறி பறந்தது. கல் இரண்டாயிற்று.

கூட்டம் விலகியது. வெள்ளிங்கிரியின் வாயிலிருந்த வெற்றிலை அசையாமல் நின்றது.

உஸ்தாத் காலை அகட்டி வைத்தார். சம்மட்டி தலைக்கு மேலே எழும்பியது. கீழே, நேர்க்கோட்டில், எண்பது ஆண்டுகளாக நசுங்காமல் வந்த அந்தப் பெட்ரோல் டாங்கு.

தோள்கள் இறங்கத் தொடங்கின.

“மூணு லட்சத்து இருபதாயிரம்!”

சந்தையே திரும்பிப் பார்த்தது. அலறியவர் தாமே என்பது பொன்னுரங்கத்துக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் தெரிந்தது. வண்டியின் மேல் குப்புற விழுந்து, இரு கைகளாலும் டாங்கை மூடிக்கொண்டிருந்தார்.

“மூணு லட்சத்து இருபதாயிரம் பெறும் வண்டிங்க! பட்டாளத்து வண்டி! அடிச்சுராதீங்க உஸ்தாத், உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்!”

எங்கோ ஓடிக்கொண்டிருந்த ஒரு மொபெட்டைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள்.

சம்மட்டி அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக, ஓர் ஓரமாக இறங்கித் தரையில் அமர்ந்தது.

“அந்த ஸ்டவ்வா?” என்றார் வெள்ளிங்கிரி. இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

உஸ்தாத் தெய்வாத்தாளைப் பார்த்தார்.

“கேட்டுதுங்களாம்மா? எங்க ஆளு வாய் திறந்து சொல்லிட்டாரு. சந்தை கேட்டுருச்சு. அந்த விலைக்கு இனி நாங்க ஆச்சு.”

அந்த அம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளிருந்த நூறு ரூபாயை எடுத்தாள். எடுத்தவள் அதை என்ன செய்வது என்று அறியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொன்னுரங்கம் எழுந்தார். சட்டையெல்லாம் துரு. மூச்சு வாங்கியது.

“உஸ்தாத். நான் சொன்ன விலையில தப்பிருக்குதுங்களா?”

“ஒரு ரூபாகூடத் தப்பில்லீங்கண்ணே.”

“அப்படீன்னா நாளைக்கு…”

“என்னைக் கேக்காதீங்க.”

உஸ்தாத் கையை நீட்டிக் காட்டினார்.

தெய்வாத்தாள் வண்டியைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்க்கவில்லை. பொன்னுரங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நம்ப முடியாத ஒன்றைக் கண்டவளின் திகைப்பு மட்டுமே இருந்தது.

“ஏனுங்கண்ணா,” என்றாள் மெதுவாக. “அந்தச் சம்மட்டி மட்டும் மேல போகாம இருந்திருந்தா?”