காத்தாடி மழை

"மேடம், இந்தக் காத்தாடியை எப்படித்தான் ஒழிக்கிறது?" என்று கேட்டார் தளவாய்.

மழையைப் பார்க்கும் ரேடார் நிலையத்துக்கு அவர் மாற்றலாகி வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. வயது ஐம்பத்துமூன்று. கற்றுத்தர வேண்டிய மெஹருன்னிசாவுக்கு முப்பத்தாறு. அதில் தளவாய்க்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று.

மேற்கே கணவாயில் முந்நூறு காற்றாலைகள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளிலும் திரையில் அந்த இடம் கனமழை போலச் சிவப்பாகக் கொதிக்கும். நிலையத்தில் அதற்குக் 'காத்தாடி மழை' என்று பெயர்.

"திரையில மலையை எப்படி அழிக்கிறோம் சார்?" என்று திருப்பிக் கேட்டார் மெஹருன்னிசா.

"நகராததைக் கழிச்சிரும்படி வச்சிருக்கு. மலை நகராது. கழிஞ்சிரும்."

"மழை?"

"நகரும். அதனால தங்கிரும்."

"காத்தாடி?"

தளவாய் தலையைச் சொறிந்தார். "நின்ன இடத்துலதான் நிக்குது. ஆனா இறக்கை நகருதே."

"அதான் வினை" என்றார் மெஹருன்னிசா. அத்தோடு இரண்டு நாள் லீவில் போய்விட்டார்.

குரு லீவில் போனால் சீடனுக்குக் கை சும்மா இருக்குமா?

தளவாய் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தார். காற்றாலைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டார். அந்த இடத்திலிருந்து என்ன சிக்னல் வந்தாலும் தூக்கிப் போட்டுவிடும்படி ஒரு புரோகிராம் எழுதினார்.

மழை இல்லாத இடம் திரையில் கறுப்பாக இருக்கும். கணவாயும் கறுப்பாகிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு மெஹருன்னிசா வந்தார்.

"பாருங்க மேடம். துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

அவர் பார்த்தார். பாராட்டவில்லை.

"இன்னிக்கு யாராவது மழை பத்திக் கேட்டாங்களா?"

"உச்சிமாகாளி கேட்டார். செம்மறி மேய்க்கிறவர். கணவாய்க்குக் கீழ, ஓடை மணல்ல கிடை போடலாமான்னு மத்தியானம் போன் பண்ணினார். ஆறு குடும்பம், பிள்ளைகுட்டியோட. மழை இல்லன்னு சொன்னேன். போட்டுட்டாங்க."

மெஹருன்னிசா உள்ளங்கையைத் திரையில் வைத்தார். கணவாய் முழுக்க மறைந்தது.

"இங்க மழை இருக்கா?"

"கை மறைக்குதே மேடம். எப்படிச் சொல்ல?"

அவர் கையை எடுத்தார். அந்த இடம் கறுப்பாக இருந்தது.

"இப்போ?"

கையை எடுத்த பிறகும் அந்த இடம் மறைந்தேதான் இருக்கிறது என்று தளவாய்க்கு அப்போதுதான் உறைத்தது.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். நிலையத்து ஜன்னலுக்கு வெளியே பொன் உருகிக்கொண்டிருந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கணவாயில் என்ன உருகுகிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

தளவாய் புரோகிராமை நிறுத்தினார். கணவாய் மறுபடி சிவந்தது.

"இதுல காத்தாடி எது, மழை எது?" என்றார் மெஹருன்னிசா.

எல்லாம் ஒரே சிவப்பு. இருபது நாளாகப் பார்த்த சிவப்பா, இன்றைக்கு வந்த சிவப்பா? தளவாயால் பிரிக்க முடியவில்லை.

"ரேடார் கதிரை மேல தூக்கிப் பாப்போம் மேடம். காத்தாடிக்கு மேல மேகம் இருந்தாத் தெரிஞ்சிரும்."

"பாருங்க. ஒரு சுத்து வர ஆறு நிமிஷம் ஆகும். கணவாய்ல பெஞ்சா வெள்ளம் ஓடைக்குத்தான் வரும். ஓடையில இருக்கிறவங்களுக்கு ஆறு நிமிஷம் இருக்கா?"

"தெரியலையே மேடம்!" தளவாய் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

மெஹருன்னிசா போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதைச் சொல்லுங்க."

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது.

இரண்டாம் தடவையும் யாரும் எடுக்கவில்லை. ஆடு மேய்க்கிறவன் போனை எங்கே வைத்திருப்பான்? சட்டையோடு கழற்றி முள்ளில் மாட்டியிருப்பான். அல்லது எடுக்க ஆளே இல்லையோ. தளவாய் தனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டார்.

மூன்றாவது தடவை எடுத்தார்கள். பின்னால் ஆடுகள் கத்தின. ஒரு குழந்தை சிரித்தது.

"சொல்லுங்க சார்" என்றார் உச்சிமாகாளி. "இங்க வெயிலு சுள்ளுனு அடிக்கி. நீங்க சொன்ன மாதிரியே மழை இல்ல."

"அண்ணாச்சி, நான் சொன்னது தப்பு. மேல கணவாய்ல மழை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல."

"என்னது?"

"தெரியல அண்ணாச்சி. சத்தியமாத் தெரியல."

போனை விலக்கிக்கொண்டு உச்சிமாகாளி போட்ட கூப்பாடு நிலையம் முழுக்கக் கேட்டது.

"ஏளா, பிள்ளையளத் தூக்கு! ஆட்ட விடு, பொறவு பாப்போம்! கரைக்கு ஏறு, கரைக்கு ஏறு!"

ஓடும் மூச்சு கேட்டது. மணல் மிதிபடும் சத்தம் கேட்டது. தளவாய் இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

இரைத்துக்கொண்டே உச்சிமாகாளி சொன்னார்:

"தெரியலன்னு மத்தியானமே சொல்லிருக்கலாம்லா சார். நாங்க ஓடையில எறங்கியே இருக்க மாட்டோம்லா."