தங்கப் பட்டையில் சந்தனப் பொட்டு

"டீச்சர், ஆறு மாசமா ஸ்க்ரூ கழட்டுதேன், ஸ்க்ரூ மாட்டுதேன். மெமரி போட என்னைக்குத்தான் விடுவீங்க?"

கோமதிநாயகம் கேட்டார்.

கேட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினார். முப்பது வருஷம் பஞ்சாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. அவர் ரகசியம் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார்.

இசக்கி நிமிரவில்லை.

"இன்னைக்கு," என்றாள்.

கோமதிநாயகம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். முடியாது என்று அவள் சொன்னால் என்னென்ன பேசுவது என்று ஆறு மாசமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். சரி என்றால் என்ன பேசுவது என்று பார்த்து வைக்கவில்லை.

கோவில்பட்டியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு பரோட்டாக் கடைக்கும் நடுவில் ஒன்பதடிக்கு எட்டடி. அதுதான் குருகுலம். உள்ளே ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், மூச்சு நின்றுபோன லேப்டாப்புகள் முப்பது.

குருவுக்கு இருபத்து நாலு வயசு. சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு.

அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் முதல் நாள் அவளை "பாப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் ஒரு டப்பா நிறைய ஸ்க்ரூவை மேஜையில் கவிழ்த்து, அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பாப்பா டீச்சர் ஆகிவிட்டாள்.

இசக்கி அதிகம் பேச மாட்டாள். முடியும், முடியாது, நாளைக்கு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஊர் மொத்தத்தையும் சமாளித்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கோமதிநாயகம் முதல் நாளே கவனித்துவிட்டார். எந்த லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னாலும் அவள் எழுந்து போய், ஷட்டர் ஓரத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிகிற இடத்தில் உள்ளங்கையை வைப்பாள். ஒரு மூச்சு நேரம். அப்புறம்தான் வேலை.

இந்தச் சின்ன வயசில் என்ன பக்தி!

அவரும் செய்தார். தொட்டார். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இசக்கி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சரியாகத்தான் செய்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று மதியம் ஒரு மணிக்குப் பூங்கனி வந்தாள். நெஞ்சோடு அணைத்த ஒரு பழைய லேப்டாப். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. எட்டு வருஷமாகிறது.

"அக்கா, இதை எப்படியாவது ஓட வைங்கக்கா," என்றாள், தன்னைவிட ஒரு வயசு சின்னவளைப் பார்த்து. "நாலு மணிக்கு இன்டர்வியூ. வீடியோல."

"போன்ல பேசிற வேண்டியதுதானம்மா!" என்றார் கோமதிநாயகம். ஜெராக்ஸ் கடையில் ஒரு தாள் நடுங்கியது.

"முடியாது சார். ஸ்கிரீனைக் காட்டிக்கிட்டே டைப் அடிக்கணும். போன தடவை இதுலதான் பண்ணேன். கடைசியில நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். 'நன்' வரைக்கும்தான் போயிருக்கு. அப்படியே உறைஞ்சு போச்சு. நாலு நிமிஷம் அந்த மூஞ்சியோட நான் இருந்திருக்கேன், அங்க எட்டுப் பேர் உக்காந்து பாத்திருக்காங்க."

அந்த மூஞ்சியையும் செய்து காட்டினாள். கொட்டாவி பாதியில் நின்ற மாதிரி.

கோமதிநாயகம் சிரித்தார். பூங்கனி சிரிக்கவில்லை.

"பாவம்னு இன்னொரு தடவை கூப்பிட்டிருக்காங்க சார். இதுதான் கடைசின்னும் சொல்லிட்டாங்க."

இசக்கி லேப்டாப்பை ஆன் பண்ணிப் பார்த்தாள். அது, கூப்பிட்ட குரலுக்கு "இதோ வாரேன், வாரேன்" என்று படுத்துக்கொண்டே பதில் சொல்கிற மாமாவைப் போல முனகியது. ஃபேன் மட்டும் சுற்றியது. படம் வர ஆறு நிமிஷம்.

"ரெண்டு ஜி.பி. மெமரிதான் இருக்கு. எட்டு போட்டா ஓடும். மாட்டுற இடம் ஒண்ணே ஒண்ணு. பழசை எடுத்தாத்தான் புதுசு."

அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அண்ணாச்சி போடுவார். நான் சாப்பிட்டு வாரேன்."

"டீச்சர், நானா?"

"பேட்டரியைக் கழட்டுங்க. ஷட்டரைத் தொடுங்க. சாய்ச்சு நுழைச்சு, கீழ அமுக்குங்க. ரெண்டு பக்கமும் க்ளிக்குனு கேக்கணும்."

ஆறு மாசத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். போய்விட்டாள்.

கோமதிநாயகம் ஷட்டரைத் தொட்டார், கண்ணில் ஒற்றினார். பேட்டரியை எடுத்தார். அடியில் பதினொரு ஸ்க்ரூ. கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றுவார். பழைய மெமரியை எடுத்து ஓரமாக வைத்தார். புதிய மெமரி கைக்கு வந்தது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். பச்சை அட்டை, மேலே கறுப்புச் சில்லுகள், கீழ் விளிம்பு முழுக்கப் பொடிப் பொடியாகத் தங்கப் பட்டை.

அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த வேலை கற்க வந்த நாளிலிருந்து எல்லாரும் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். மருமகன் கேட்டான், தபால்காரர் கேட்டார், முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இந்த வயசுல இது எதுக்கு அண்ணாச்சி?" கேட்காத ஒரே ஆள் இந்தப் பெண்.

நன்றி என்று ஒன்று இருக்கிறதே. அதைச் சொல்லாமல் எப்படி மாட்டுவது?

ஆலையில் புது மோட்டார் வந்தால் பொட்டு வைக்காமல் யாரும் ஸ்விட்சைத் தொட மாட்டார்கள். மேனேஜரே தொட மாட்டார். கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் இன்றைக்கும் அந்தச் சின்ன டப்பா உண்டு. ஒரு பக்கம் சந்தனம், ஒரு பக்கம் குங்குமம்.

பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்தார். எங்கே வைப்பது? சில்லு மேலெல்லாம் பொடி எழுத்து. எழுத்தை மறைக்கக் கூடாது. கீழே அந்தத் தங்கப் பட்டைதான் துடைத்துவிட்ட நெற்றி மாதிரி இருந்தது.

மூன்று பொட்டு வைத்தார். மூன்றுக்கும் நடுவில் குங்குமம். ஊதி ஊதிக் காயவைத்தார்.

"சார், இது..." என்று பூங்கனி இழுத்தாள்.

"வழக்கம்மா! நல்ல காரியம்லா!"

பூங்கனி ஓரமாகக் கிடந்த பழைய மெமரியை எடுத்து நீட்டினாள்.

"எட்டு வருஷம் இதுதான் சார் என் கூட இருந்துச்சு. இதுக்கும் ஒண்ணு வைங்க."

வைத்தார். அதே இடத்தில்.

புதியதைச் சாய்த்து நுழைத்தார். அமுக்கினார். க்ளிக். க்ளிக். எவ்வளவு இனிமையான சத்தம்! பேட்டரியை மாட்டி ஸ்விட்சை அழுத்தினார்.

கறுப்பு.

பீப். பீப். பீப்.

கழற்றி மறுபடி மாட்டினார். பீப். பீப். பீப். பழையதையே திரும்பப் போட்டார். முக்கால் மணி நேரம் முன்பு முனகியாவது எழுந்த மெஷின், இப்போது அதற்கும் எழவில்லை. பீப். பீப். பீப்.

பரோட்டாக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, லாரி ரிவர்ஸ் எடுக்கா?"

பூங்கனி மணியைப் பார்த்தாள். இரண்டு. அவள் முகம் மறுபடியும் அந்தப் பாதிக் கொட்டாவியில் நின்றது. இந்த முறை யாருக்கும் செய்து காட்டவில்லை.

இரண்டரைக்கு இசக்கி வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"கல்யாண வீடு மாதிரி மணக்கு."

மேஜைக்கு வந்தாள். மெமரியைப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"நன்றிக்குத்தான் வச்சேன் டீச்சர்! இந்தப் பிள்ளை வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன் டீச்சர்!"

பஸ் ஸ்டாண்டு முழுக்க அந்த வாக்குமூலத்தைக் கேட்டது.

"ஈரமாப் போட்டீங்களா, காயவச்சா?"

"ஊதிக் காயவச்சுத்தான்."

"அப்போ பொழைச்சுக்கிடும். அந்தப் பட்டை வழியாத்தான் கரெண்டு போகும், சந்தனம் மறைக்கு."

மேஜை டிராயரைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ஒரு ரப்பரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அழிங்க."

"எதை டீச்சர்?"

"நன்றியை."

அழித்தார். தங்கப் பட்டையை ஒரு பக்கமாக, மெதுவாக, ரப்பரால் தேய்த்தார். மஞ்சளும் சிவப்புமாகத் துகள் உதிர்ந்தது. இசக்கி ஒரு பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, மெமரி உட்காருகிற பள்ளத்தைப் பல் பல்லாகத் தேய்த்தாள். பூங்கனி போன் டார்ச்சைப் பிடித்தாள்.

மூன்றேகால். மாட்டிப் பார்த்தார்கள். பீப். பீப். பீப்.

"இன்னொரு தடவை," என்றாள் இசக்கி.

கோமதிநாயகம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் பொட்டு வச்சது தப்பு. ஒத்துக்கிடுதேன். அப்போ நீங்க மட்டும் எதுக்கு டீச்சர் ஒவ்வொரு தடவையும் ஷட்டரைத் தொட்டுக் கும்பிடுதீங்க?"

பிரஷ் நின்றது.

"கும்பிடலையே."

"என்னது?"

"நம்ம உடம்புல கரெண்டு சேந்திருக்கும் அண்ணாச்சி. நமக்குத் தெரியாது. அந்தக் கையோட மெமரியைத் தொட்டா சில்லு செத்துரும். இரும்பைத் தொட்டா அது இறங்கிப் போயிரும். அதுக்குத்தான்."

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். பூங்கனி செய்து காட்டிய அதே மூஞ்சி.

"ஆறு மாசம் டீச்சர்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்கதான் மறக்காம தொட்டீங்களே. போதும்னு இருந்துட்டேன்." பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கண்ணுல எதுக்கு ஒத்துதீங்கன்னு நான்தான் கேட்டிருக்கணும்."

மறுபடி பிரஷ்ஷால் தேய்த்தாள்.

மூன்று நாற்பது. சாய்த்து நுழைத்தார். க்ளிக். க்ளிக். ஸ்விட்ச்.

பீப் இல்லை.

திரை வெளுத்தது. படுத்துக்கொண்டே முனகிய அந்த மாமா துள்ளி எழுந்து, சட்டையும் போட்டுக்கொண்டு, வாசலில் வந்து நின்றுவிட்டார். இருபது எண்ணுவதற்குள்.

"மூடியை வைங்க. ரெண்டு ஸ்க்ரூ போதும். நேரமில்ல," என்றாள் இசக்கி.

நாலு மணிக்கு, மூச்சு நின்றுபோன முப்பது லேப்டாப்புகளுக்கு நடுவில், ஓடுகிற ஒரே லேப்டாப்பின் முன்னால் பூங்கனி உட்கார்ந்தாள். கோமதிநாயகம் ஷட்டர் ஓரமாக நின்று தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார்.

அவள் டைப் அடித்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முப்பது வருஷமாக அவர் காது செய்த வேலை அதுதான்: ஓடுகிற சத்தத்தில் எந்த இடத்தில் நூல் அறுகிறது என்று கேட்பது.

எங்கேயும் அறுபடவில்லை.

கேள்விகள் வந்தன. பதில்கள் போயின. முடிவில் பூங்கனி ஒரு நொடி தயங்கினாள். வாயைத் திறந்தாள்.

"நன்றி."

முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் சிரித்தது: "இந்தத் தடவை கேட்டுச்சும்மா."

இன்னும் ஏதோ சொன்னார்கள். பூங்கனி தலையாட்டினாள், மறுபடி ஆட்டினாள், திரை அணைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க," என்றாள். எழுந்து வந்து கோமதிநாயகத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் சந்தனம்.

"என்னாலதான்மா கெட்டுச்சு..."

"உங்க கையாலதான் சார் ஓடுச்சு."

இசக்கி லேப்டாப்பைக் கவிழ்த்துப் பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

கோமதிநாயகம் அவள் பக்கம் குனிந்தார். ஆறு மாசத்தில் முதல் தடவையாக அவர் குரல் மேஜையைத் தாண்டவில்லை.

"டீச்சர். அப்போ நன்றியை எங்கதான் வைக்கிறது?"

இசக்கி ஸ்க்ரூ கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒன்பது பாக்கி இருக்கு."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். எழுந்து போய், பெயின்ட் உரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கரெண்டு இறங்கியிருக்கும். கை பழக்கத்தில் கண்ணை நோக்கி வந்தது. பாதி வழியில் நின்றது. திருட்டு முழியோடு டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

இசக்கி எழுந்து வந்தாள். அதே இடத்தில் தன் கையை வைத்தாள். ஒரு மூச்சு நேரம்.

எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.