கண்ணாடி வட்டம்

கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் சொன்னால் செல்லாது.

சென்னைப் பெருங்குடியில், இட்லி மாவை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் ஆப் ஒன்றை ரகோத்தமன் என்பவன் நடத்திவந்தான். "சார்னு கூப்பிடாதீங்க, ரகுன்னு கூப்பிடுங்க. நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவான். அந்தக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு, காய்ச்சல் வந்தாலும் விடுப்பு கிடையாது.

அங்கே ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை மாலையானால் கண்ணாடி வட்டம். கைப்பேசிகளைக் கூடையில் போட்டுவிட்டு எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. அந்த வாரம் வேலையில் சுணங்கியவர் இவர் என்று, வட்டத்தில் நிற்கும் ஒருவர் பெயரை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். வாய் திறக்காதவர் தன் பெயரையே சொன்னதாகக் கணக்கு. அதிகம் பேர் வாயில் விழுந்தவர் நடுவில் வந்து, "என் குடும்பத்தைக் கைவிட்டுட்டேன்" என்று உரக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். ரகோத்தமன் மட்டும் வட்டத்தில் நிற்பதில்லை. வெளியே பீன் பேக் மெத்தையில் சாய்ந்துகொண்டு, "நானா குத்தம் சொன்னேன்? உங்க ஆளுங்கதானே சொன்னாங்க" என்பான்.

அழுதுகொண்டே போனவர்கள் போக, மிஞ்சியது மூன்று பேர்தான்: மெர்லின், சாதிக், கோமதிநாயகம்.

மெர்லின் மார்த்தாண்டத்துக்காரி. அவளுடைய அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸில்தான் டயாலிசிஸ் நடக்கிறது. வேலை போனால் அதுவும் போகும். வியாழக்கிழமை சாயங்காலமே வெள்ளிக்கிழமைப் பயம் அவளைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு வியாழக்கிழமை, டீக்கடையில் வைத்து அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"முறை வச்சுக்கிடுவோம். ஒரு வாரம் என் பேரு, அடுத்த வாரம் சாதிக், அப்புறம் நாயகம் அண்ணன். மூணு பேரும் அந்த ஒரு பேரையே சொல்லுவோம். அழணும்னா முறை போட்டு அழுவோம்."

"வாக்குன்னா வாக்குதான். நடுவுல யாரும் மாறக் கூடாது" என்று முதலில் கையை நீட்டியவர் கோமதிநாயகம்.

அன்று முதல் வெள்ளிக்கிழமை கொஞ்சம் லேசானது. மன்னிப்புக் கேட்டவருக்கு மற்ற இருவரும் வடை வாங்கிக் கொடுப்பார்கள், சிரிப்பார்கள். அவமானத்தை மூன்றாகப் பங்கிட்டால் அது விழுங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடுகிறது.

மெர்லினுடைய முறை வந்த ஒரு வெள்ளிக்கிழமை, கைப்பேசிகள் கூடைக்குள் போய், மூவரும் வட்டமாக நின்ற பிறகுதான் ரகோத்தமன் தொண்டையைச் செருமினான்.

"ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாங்க இன்வெஸ்டர்ஸ். எனக்கு மனசு வரல. அதனால ஃபேமிலியே முடிவு பண்ணட்டும். இன்னைக்கு யார் பேரு அதிகமா வருதோ, அவங்க திங்கட்கிழமை வர வேண்டாம்."

முறையும் மெர்லினுடையது, முறை வைக்கச் சொன்ன வாயும் அவளுடையது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். மற்ற இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதலில் சொல்ல வேண்டியவர் கோமதிநாயகம். தரையைப் பார்த்தபடி, "மெர்லின்" என்றார்.

அடுத்தது சாதிக். அவன் மனைவிக்கு நிறைமாதம். அவன், "சாதிக்" என்றான். தன் பெயரையே சொன்னான்.

இப்போது மெர்லின். தன் பெயரைச் சொன்னால் வேலை போகும், பேசாமல் நின்றாலும் போகும். சாதிக் பெயரைச் சொன்னால் அப்பா பிழைப்பார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று சாதிக்கே கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்த நிறைமாதக்காரியின் முகம் நினைவுக்கு வந்தது.

"சீக்கிரம், மெர்லின்" என்றான் ரகோத்தமன், பீன் பேகிலிருந்து.

"கோமதிநாயகம்" என்றாள் அவள்.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணே" என்றவள், ரகோத்தமன் பக்கம் திரும்பினாள். "ஆளுக்கு ஒண்ணு ஆயிட்டு. இனி நீங்கதான் ஒரு பேரைச் சொல்லணும், ரகு."

இனி உங்கள் முறை. கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காத்தவர் கோமதிநாயகம். வாக்கை மீறித் தன்னையே பலியாகக் கொடுக்க வந்தவன் சாதிக். வாக்கையும் மீறி, ஒரு நண்பரின் பெயரையும் சபையில் சொன்னவள் மெர்லின். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மெர்லின் செய்ததே சரி. அவமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளத் தந்த வாக்கு, ஒருத்தியின் வயிற்றில் அடிக்கும் ஆயுதமானபோதே செத்துவிட்டது. கோமதிநாயகம் காத்தது வாக்கை அல்ல, தன் பயத்தை. சாதிக் நல்லவன்தான். ஆனால் யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும் என்பதை அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான், தன்னைத் தள்ளிவிடும் பாவத்தை மெர்லின் தலையில் வைத்தான். அவள் ஒருத்திதான் கத்தியை அதன் சொந்தக்காரன் கையில் திருப்பிக் கொடுத்தாள். ரகோத்தமன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னொரு ரவுண்டு போகலாம்" என்றான். மறுபடியும் முதலில் பேச வேண்டியவர் கோமதிநாயகம். இந்த முறை அவர் தரையைப் பார்க்கவில்லை. "கோமதிநாயகம்" என்றார். அதன் பிறகு மற்ற இருவரும் அவரவர் பெயரையே சொன்னார்கள்.