ஓடைக்குறிச்சியை ஒப்படைக்க வந்தவள்

ரொம்ப காலத்துக்கு முன்னால் செம்பாறை நாட்டை வில்லவராயன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை தோன்றினால் மாலைக்குள் அது ஆணையாகிவிடும். குடிகளின் கஷ்டமெல்லாம் அங்கேதான் தொடங்கும்.

ஐப்பசி மாதத்தில் வேட்டைக்குப் போன அரசன், ஓடைக்குறிச்சி என்ற சிற்றூரில் ஒரு நாள் தங்கினான். சேவல் கூவவில்லை. மாட்டு மணி ஒலிக்கவில்லை. குளத்தில் தவளைச் சத்தம்கூட இல்லை. "அடடா, வாழ்ந்தால் இங்கல்லவா வாழவேண்டும்!" என்று சொக்கிப் போனான்.

தலைநகர் திரும்பியதும் ஆணை பிறந்தது. அரசனும் அவையும் ஓடைக்குறிச்சிக்குக் குடிபோவார்கள். அந்த ஊரின் எண்பது குடும்பங்களும் தலைநகருக்கு வந்துவிட வேண்டும். கெடு பதினைந்து நாள்.

இதற்குத் தூபம் போட்டவர் மணவாளராயர். அரசனின் உபசாரங்களைக் கவனிக்கும் அதிகாரி. தலைமை அமைச்சருக்கு மூட்டுவலி, கிராமத்துக்கு வரமாட்டார். வராவிட்டால் அவருடைய இருக்கை காலி. மணவாளராயரின் கிராமப் பற்று அவ்வளவுதான்.

ஓடைக்குறிச்சியில் ஒச்சம்மாளுக்கு மூன்று மா நிலம். நாற்று நட்டு இருபது நாள். பச்சை பிடித்து நிற்கும் பயிரை விட்டுப் போனால், அந்த வருஷச் சோறும் அங்கேயே நின்றுவிடும். ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் எல்லாரும் அரசன் காலில் விழலாம் என்றார்கள்.

"விழுந்தா, 'எந்திரிங்கப்பா'ன்னு சொல்லிட்டு ராசா அடுத்த சோலியப் பாப்பாரு. நான் போயி ஒப்படைச்சிட்டு வாரேன்" என்றாள் ஒச்சம்மாள்.

"என்னத்த ஒப்படைக்கப் போற?"

"ஊரத்தான்."

மறுநாள் அவையில் போய் நின்றாள். "ராசா, நாங்க சந்தோசமா வாரோம். ஆனா நீங்க பார்த்தது பார்த்த மாதிரி ஊரை ஒப்படைக்கணுமில்ல? எந்த வேலைக்கு எந்த ஆளுன்னு நீங்க சொல்லிட்டா, பழக்கி விட்டுட்டு வந்துருவோம்."

அரசனுக்கு மகிழ்ச்சி. "என்னென்ன வேலையம்மா?"

"நூத்திப் பத்து சேவல். விடியுமுன்ன ஒவ்வொண்ணையும் பஞ்சாரக் கூடையில கவுத்து, மேல சாக்கு போடணும். அதுக்கு யாரு சாமி?"

"சேவலை எதற்குக் கவிழ்க்க வேண்டும்?"

"கூவாம இருக்க. அப்புறம் மாட்டு மணிக்குள்ள வைக்கோல் திணிக்க ரெண்டு ஆளு. கைக்குழந்தைகளப் பக்கத்து ஊருக்குத் தூக்கிட்டுப் போக இருவது பேரு. குளத்தைச் சுத்தித் தடியால தண்ணிய அடிக்க எட்டு ஆளு, நல்ல தோள் வலுவுள்ளவங்களா வேணும்."

"தண்ணீரை எதற்கு அடிப்பது?"

"தவளை கத்தக்கூடாதுல்ல. நீங்க வந்த அன்னிக்கு எங்க வீட்டுக்காரரும் அடிச்சாரு. இன்னும் கை தூக்க முடியல. இதெல்லாம் மணவாளராயர் ஐயா போட்ட ஏற்பாடு. ரொம்ப நுணுக்கம் தெரிஞ்ச மனுசன்."

அரசன் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"மன்னா, பொய்! அந்த ஊர் இயற்கையாகவே அமைதியானது" என்றார் மணவாளராயர், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"அப்படியா? தேரைப் பூட்டுங்கள். முன்னால் ஆள் போகக்கூடாது. நீரும் வாரும், மணவாளராயரே."

ஊர் எல்லையிலேயே தேர் நின்றது. எதிரே நாற்பது எருமைகள். "யாருய்யா அது, வழிய அடைச்சுக்கிட்டு? மாடு மிரளுதுல்ல!" என்று மேய்ப்பவன் அரசனையே அதட்டினான். கிணற்றடியில் இரண்டு பெண்கள் முந்தின வருஷத்துச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். குழந்தைகள் தேரைச் சுற்றிக் கூத்தாடின. பொழுது சாயும் நேரத்தில் ஒரு மழை பெய்து ஓய, குளத்துத் தவளைகள் அத்தனையும் ஒன்றாகத் தொண்டையைத் திறந்தன.

அரசன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "எத்தனை நாள் இப்படி?"

"கார்த்திகை வரைக்கும் ராசா. இதுக கத்தலேன்னா மழையில்லன்னு அர்த்தம். அப்புறம் நாங்கதான் கத்தணும்" என்றாள் கூடவே வந்திருந்த ஒச்சம்மாள்.

"மணவாளராயரே! இந்த ஊரின் இயற்கையான அமைதியைக் கொஞ்சம் கொண்டு வாரும்."

மணவாளராயர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தடியோடு குளத்தில் இறங்கினார். கிழக்கே அடித்தால் மேற்கே கத்தின. மேற்கே ஓடினால் கிழக்கே கத்தின. மூன்றாவது சுற்றில் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார். ஊரே சிரித்தது. அரசனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆணை அப்போதே ரத்தாயிற்று.

சிரித்து ஓய்ந்ததும் அரசன் கேட்டான். "உண்மையைச் சொல்லம்மா. நகரம் நல்லதா, கிராமம் நல்லதா?"

"என் தங்கச்சியத் தலைநகர்லதான் கட்டிக் கொடுத்திருக்கு ராசா. நான் அங்க போனா ரெண்டு நாளு வாயப் பொளந்து பார்ப்பேன். மூணாம் நாளு எப்படா வீட்டுக்குப் போவோம்னு இருக்கும். அவ இங்க வந்தாலும் அதே கததான். அதுக்காக வீட்ட மாத்திக்கலாமுன்னு நாங்க ரெண்டு பேரும் நெனச்சதில்ல."

"பின் உனக்கு என்ன வேண்டும்? கேள், தருகிறேன்."

"நடுவுல ஓடுற ஓடைக்கு ஒரு பாலம். வெள்ளம் வந்துட்டா அவளும் வர முடியல, நானும் போக முடியல."

"கட்டித் தந்தேன். மணவாளராயரே, வேலை முடிகிறவரை இங்கேயே தங்கி மேற்பார்வை பாரும். உமக்குத்தான் கிராமம் பிடிக்குமே."

செம்பாறை நாட்டில் ராஜாங்க வேலை எதுவும் சொன்ன காலத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஓடைக்குறிச்சிப் பாலம் மட்டும் இருபத்தாறே நாளில் முடிந்தது. மேற்பார்வை பார்த்தவர் தாமே கல் சுமந்ததைப் பார்த்ததாக ஊரில் பலர் சொன்னார்கள். கடைசிக் கல் வைத்த ஈரம் காயும் முன்பே, முதல் ஆளாகப் பாலத்தைக் கடந்து தலைநகர்ப் பக்கம் ஓடியவரும் அவர்தான்.