சனிக்கிழமை நகல்

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை, போஸ்டரெல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுக்கும் கடை ஒன்று உண்டு. கல்லாவில் வைத்திலிங்கம் உட்கார்ந்திருப்பார். கம்ப்யூட்டர் அவர் மனைவி தையல்நாயகியின் ராஜ்யம்.

அவள் இறந்த பிறகு, அறுபது வயதில், கடை மாடியிலிருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தார் வைத்திலிங்கம். வகுப்பெடுக்கும் ஜரீனா டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் கடகடவென்று சத்தம் போட்டது. டீச்சர் இறங்கி வந்து காது கொடுத்துக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் போயிட்டிருக்குண்ணே. நாளைக்கு ஓடுமான்னு சொல்ல முடியாது. உள்ள இருக்கறத முழுசா அப்படியே நகல் எடுத்துப் புது டிஸ்க்ல ஏத்திடுவோம்."

"வேணாம் டீச்சர்."

"ஏன்?"

வைத்திலிங்கம் மேசை டிராயரிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி. தையல்நாயகி கடைசியாக எடுத்த நகல் அதில் இருந்தது. பக்கத்தில் ஒரு பென் டிரைவ். கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் படுத்துவிட்டால் அதைச் சொருகித்தான் எழுப்ப வேண்டும். அதற்கு அவள் சஞ்சீவி என்று பெயர் வைத்து, சிவப்பு நூலும் கட்டியிருந்தாள்.

"புது டிஸ்க்ல இத ஏத்துங்க."

"இது ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. அப்புறம் நீங்க செஞ்சது எதுவும் இதுல இருக்காதே."

"தெரியும். நான் மொதமொதல்ல செஞ்ச போஸ்டர் எது தெரியுமா? அவளோட கண்ணீர் அஞ்சலி. ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சேன். அது அந்த டிஸ்க்ல இருக்கு." கறுப்புப் பெட்டியைத் தடவினார். "இதுல இல்ல. இதுல அவ சாகல டீச்சர்."

டீச்சர் மாடியிலிருந்து புது டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். புதியதைப் பொருத்தி, கறுப்புப் பெட்டியையும் இணைத்துவிட்டுச் சஞ்சீவியைச் சொருகினார்.

"அந்தப் பென் டிரைவ் உள்ள என்ன டீச்சர் இருக்கும்?"

"நம்மளோடது ஒண்ணும் இருக்காது. எழுப்பி விடும், அவ்வளவுதான் அதோட வேலை."

டீ வந்தது. குடிக்க மறந்து ஆறிப்போனது. கடைசியில் திரை வெளுத்து, படம் வந்தது.

வேளாங்கண்ணிக் கடற்கரை. அலைக்குப் பயந்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் வைத்திலிங்கம். அவள் போன பிறகு அதை எடுத்துவிட்டு அவள் படத்தைத்தான் அங்கே வைத்திருந்தார். இந்தப் படத்தில் அவள் இல்லை. படம் எடுத்தவள் அவள்.

திரை ஓரத்தில் வாடிக்கையாளர்களுக்கு அவள் வைத்த பெயர்கள் வரிசையாக நின்றன. 'அவசரம் அன்பழகன்.' 'எட்டு தடவை திருத்திய ஏகாம்பரம்.' வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

"மாசக் கடைசிச் சனிக்கிழமையானா நகல் எடுக்க உக்காந்துடுவா டீச்சர். எனக்குப் பசி காதை அடைக்கும். நாளைக்கே பிரளயம் வர்ற மாதிரி என்னடி இதுன்னு கத்துவேன்."

"அக்கா என்ன சொல்லுவாங்க?"

"திங்கக்கிழமை கடையத் தொறக்கணும்லன்னுவா. வேற என்ன சொல்லுவா."

பேசிக்கொண்டே ஏகாம்பரத்தின் பெயரைத் தட்டினார். பழைய புதுமனை புகுவிழாப் பத்திரிகை மட்டும் இருந்தது. ஏகாம்பரம் மகளின் கல்யாணப் பத்திரிகை இல்லை. அதை வைத்திலிங்கம் நேற்றுத்தான் முடித்திருந்தார். யாரையும் கேட்காமல், ஒரு பிழை இல்லாமல் அவரே செய்த முதல் பத்திரிகை. திங்கட்கிழமை காலையில் அச்சுக்குப் போக வேண்டும்.

அவர் கை நின்றது. மேசைமேல் கிடந்த பழைய டிஸ்க்கைப் பார்த்தார்.

"அது இன்னும் ஓடுமா டீச்சர்?"

"இன்னொரு தடவை ஓடும்னு நெனைக்கறேன். ஒண்ணொண்ணாத் தேடி எடுக்கத் தாங்காது, முழுசா ஒரே மூச்சுல நகல் எடுத்து இதுல ஏத்தினாத்தான் உண்டு. நாளைக்குக் கேட்டா என்னால சொல்ல முடியாது."

"அத ஏத்தினா இந்தத் திரை போயிடும்."

"பெட்டியில இருக்கற நகல் அப்படியே இருக்கும். திரையில இருக்காது."

"அந்தப் போஸ்டர் திரும்ப வந்துடும்."

"வந்துடும்."

வைத்திலிங்கம் வேளாங்கண்ணி அலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எனக்கு மனசு வரல டீச்சர். நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

டீச்சர் சஞ்சீவியைக் கழற்றினார். அவிழ்ந்திருந்த சிவப்பு நூலை முடிந்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னிக்கு மாசக் கடைசிச் சனிக்கிழமைண்ணே," என்றார். "திங்கக்கிழமை கடை உண்டா, இல்லையா?"