பேஸ் திரவியத்தின் நாலாவது கம்பி

ஞாயிறு மாலை நான்கு மணி பத்து நிமிடம். வேனில் எட்டுப் பேர். பேசிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான், பேஸ் கிட்டார் ஞானதிரவியம்.

நாகர்கோவிலில் வண்டி கிளம்பியதிலிருந்து பேசுகிறார். சுடரொளி மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடமாக நாலு கம்பி கிட்டார் வாசிப்பவர். கல்யாண வரவேற்புக்கு வருகிறவர்கள் பாடகியைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிப்பவனைப் பார்ப்பார்கள், வேலை இல்லாதவர்கள் கீபோர்டைக்கூடப் பார்ப்பார்கள். பேஸ் வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் வாசிப்பது காதில் விழுந்தது என்று இதுவரை ஒருவரும் வந்து சொன்னதும் இல்லை. அந்தக் குறையை அவர் வாயால் ஈடுகட்டிக்கொள்வார்.

பக்கத்து இருக்கையில் டிரம்ஸ் இசக்கிராஜ். வழக்கமாக அண்ணாச்சியை வாரிவிடுவதில் முதல் ஆள் அவன்தான். இன்றைக்கு அவனுக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு.

காலையில் குழுத் தலைவர் தாணு, அவனையும் மைக்செட் பீர்முகமதுவையும் தனியாகக் கூப்பிட்டிருந்தார். பழைய வேன் தகுதிச் சான்றிதழ் சோதனையில் தேறவில்லை. அடுத்த மாதம் வருகிற வண்டியில் டிரைவரோடு ஏழு இருக்கை. ஒருத்தர் இறங்க வேண்டும்.

“பேஸை என் இடது கையே கீபோர்டில் வாசிச்சுக்கிடும். ஆனா இருபத்திரண்டு வருஷம் கூட இருந்த மனுஷன். ஒரு சோதனை வச்சுப் பாப்போம். இன்னைக்கு மூணு பாட்டு முடிஞ்சதும் பீரு, அண்ணாச்சியோட லைனை மூடிரட்டும். நாலு பாட்டு. மண்டபத்துல இருந்து ஒரே ஒரு ஆள் வந்து என்ன ஆச்சுன்னு கேட்டாப் போதும், அண்ணாச்சி இருக்கட்டும். கேக்கலைன்னா நான் பேசிக்கிடுதேன்” என்றார் தாணு.

“ஒருத்தனும் வரமாட்டான். வேணும்னா அந்த நாலையும் ஆட்டப் பாட்டாப் போடுங்க. ஆடுற ஆட்டத்துல எவனுக்குத் தெரியும்?” என்று யோசனை சொன்னது இசக்கிராஜ். தாணு அந்த யோசனையை நோட்டில் குறித்துக்கொண்டார்.

இது எதுவும் தெரியாத ஞானதிரவியம், தோவாளை தாண்டும்போது கம்பிக்கு வந்திருந்தார்.

“இப்ப உள்ள பயலுவ கடையில போய்க் கம்பி வாங்குதான். அதெல்லாம் கம்பியாடே? தலைமுடி. தொண்ணூத்தெட்டுல திசையன்விளைக் கோயில் கொடையில என் நாலாவது கம்பி அறுந்துபோச்சு. அக்கம்பக்கத்துல கடை கிடையாது. வெளியே உடன்குடி பஸ் நிக்கி. டிரைவர்கிட்டச் சொல்லி கிளட்ச் கேபிளைக் கழத்தி மாட்டிட்டேன்.”

“அப்ப பஸ்ஸு எப்படிண்ணே போச்சு?” முன் இருக்கையிலிருந்து பாடகி எப்சிபா கேட்டாள்.

“அங்கதான் விஷயம். நான் வாசிக்க வாசிக்க வெளியே பஸ்ஸுக்குக் கியர் விழுது. பல்லவிக்கு ஒண்ணு, சரணத்துக்கு ரெண்டு. பாட்டு முடியுறதுக்குள்ள பஸ்ஸு உடன்குடி போய்ச் சேந்துட்டு.”

“கேபிள் உங்க கிட்டார்ல. பஸ்ஸு உடன்குடியில. திரும்பி எப்படி வந்துச்சு?” என்றான் இசக்கிராஜ்.

“அவனுகளும் போன் போட்டு அதைத்தான் கேட்டானுவ. ஒன்ஸ்மோர்னு நினைச்சு அதே பாட்டை இன்னொரு தடவ வாசிச்சேன். வந்துட்டு.”

வேன் சிரித்தது. டிரைவர்கூடச் சிரித்தார். ஞானதிரவியம் மட்டும் சிரிக்கவில்லை. புளுகும்போது சிரிக்காமல் இருக்கும் கட்டுப்பாடு அவருக்கு உண்டு.

“அந்தக் காலத்துப் பேஸ் பெட்டி தெரியுமா பீரு? பீரோ உசரம். நாலு பேர் தூக்கணும். ஒருநாள் தயிர்ச் சோத்துத் தூக்குவாளியை அது மேல வச்சுட்டு வாசிச்சேன். மூணாவது பாட்டுல வெண்ணெய் திரண்டு மேல வந்துட்டு. அதைப் பாத்துட்டு ஊர்ப் பொம்பளைகள் எல்லாம் தயிரைக் கொண்டாந்து வரிசையா வைக்க ஆரம்பிச்சுட்டாவ. மேடையில எனக்கு நிக்க இடம் இல்ல.”

“அந்தப் பெட்டி இப்ப எங்கே மாமா?” என்றான் பீர்முகமது.

“பால் சொசைட்டிக்காரனுவ புகார் கொடுத்துட்டானுவ. வேற என்ன செய்ய?”

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் தெரிந்தன. ஆவணிக் காற்றில் எல்லாம் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தன. இசக்கிராஜ் விரலை நீட்டி, “இதையும் நீங்கதான் சுத்தவிட்டிய?” என்றான்.

“சேச்சே, அது காத்து. நான் ஒரு தடவ நிறுத்தினேன், அவ்வளவுதான். முப்பந்தல் பக்கம் ஒரு வீட்டுல சடங்கு. நாலாவது கம்பியைக் கொஞ்சம் அழுத்தி இழுத்துட்டேன். நாப்பது காத்தாடி அப்படியே நின்னு யோசிச்சுது. அன்னைக்கு ராத்திரி ஏழு ஊருக்குக் கரண்டு கிடையாது. எம் பேரை வெளியே சொல்லக் கூடாதுன்னு பெரிய ஆபீசர் வந்து கேட்டுக்கிட்டார்.”

“அதான் யாருக்கும் உங்க பேரு தெரியல.”

“கேட்டியா, பயலுக்குப் புரியுது.”

பிறகு அவர் சக கலைஞர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆறு கம்பி கிட்டார் வாசிப்பவர்கள் நாலில் தேடியது கிடைக்காமல் இன்னும் ரெண்டு வாங்கியவர்களாம். கீபோர்டுக்காரர்கள் பத்து விரல் இருக்கிறது என்பதற்காகப் பத்தையும் வைப்பவர்களாம். முன்னால் உட்கார்ந்திருந்த தாணு திரும்பிப் பார்க்கவில்லை.

“டிரம்மர்மார் பத்தி ஒண்ணும் இல்லையா?” என்றான் இசக்கிராஜ்.

“உங்க ஜாதியில ஒருத்தன் இருந்தான்டே, குலசேகரம் பாக்கியநாதன்னு. தபலா. கை வச்சா நிக்காது. பாட்டு அவன் பின்னால ஓடி வரணும். நான்தான் இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், போகல. கச்சேரி ஆறு மணிக்கு. அவன் ஓட்டுன ஓட்டத்துல அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சுபோச்சு. பந்தல்காரன் அப்பத்தான் மூங்கில் இறக்குதான்.”

எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது இசக்கிராஜ்தான்.

“சிரி. நீ வண்டி, நான் பிரேக்கு.”

“பிரேக்கு இல்லாமலும் வண்டி ஓடும் அண்ணாச்சி.”

“ஓடும். நிக்காது.”

பணகுடி வந்தது. கச்சேரி நடக்கும் வள்ளியூருக்கு இனிக் கொஞ்ச தூரம்தான். கதையை முடித்துவைக்கும் அவசரத்தில் ஞானதிரவியம் குரலைத் தாழ்த்தினார்.

“இதெல்லாம் சும்மா. இப்பப் போறோமே, இதே மண்டபத்துல ரெண்டாயிரத்து ஒம்பதுல ஒரு கல்யாணம். கடைசிப் பாட்டுல ஒரு சுரம் போட்டேன். இதுவரை எவனும் இறங்காத பள்ளத்துக்கு இறங்கிப் போட்டேன். அது இன்னும் நிக்கல.”

“என்னது?” என்றாள் எப்சிபா.

“இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் பிறந்த பிள்ளை ஏழாங்கிளாஸ் படிக்கு. சுரம் முடியல.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே? போன மாசம்கூட அங்க வாசிச்சோம்” என்றான் இசக்கிராஜ்.

“எப்படிக் கேக்கும்? அவ்வளவு கீழே இருக்கு. கேட்டா அது பேஸே இல்லடே. நின்னா மட்டும்தான் தெரியும்.”

தாணு இப்போது திரும்பிப் பார்த்தார். மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

மண்டபத்தில் மேடை முதல் தளத்தில், சாப்பாட்டுக் கூடம் அதற்கு நேர் கீழே. ஏழு மணிக்குத் தொடங்கினார்கள். மூன்று பாட்டு முடிந்ததும் பீர்முகமது, ஞானதிரவியத்தின் வயர் வந்து சேருகிற பொத்தானைக் கீழே இறக்கினான்.

ஞானதிரவியத்துக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பீர்முகமதுவைப் பார்த்தார், அவன் தலை குனிந்து ஏதோ வயரைத் தேடினான். பிறகு இசக்கிராஜைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்தான். ஞானதிரவியம் ஓசை வராத கம்பிகளில் விரல்களை வைத்து வாசித்துக்கொண்டே நின்றார்.

முதல் பாட்டில் ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடினார்கள். யாரும் மேடைப் பக்கம் திரும்பவில்லை. இசக்கிராஜுக்கு நிம்மதி.

இரண்டாவது பாட்டில் அவனுக்குக் கால் வழுக்குவது போல் இருந்தது. ஒன்பது வருடமாக வலது கால் எதன் மேலோ சாய்ந்து மிதித்துக்கொண்டிருந்திருக்கிறது, அதை இப்போது காணோம். பிடிக்கப் பார்த்தான். பிடிக்கப் பார்த்தவன் இன்னும் கொஞ்சம் முன்னால் போனான். எப்சிபா மூச்சு வாங்க இடம் இல்லாமல் ஒரு வரியை விழுங்கினாள். மூன்றாவது பாட்டில் இரண்டு வரி. ஆடிக்கொண்டிருந்த தாய்மாமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாலாவது பாட்டு எப்படி முடிந்தது என்று அதைப் பாடியவர்களுக்கே தெரியாது. கூட்டம் பலமாகக் கை தட்டியது. கேட்க ஒருவரும் வரவில்லை.

தாணு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினெட்டு நிமிடத்துப் பாட்டுகள் பதின்மூன்று நிமிடத்தில் முடிந்திருந்தன.

“சொன்னேன்லா? ஒருத்தனும் வரல” என்று இசக்கிராஜ் வியர்வையைத் துடைத்தான்.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று ஒருவர் ஏறி வந்தார். கையில் சாம்பார்க் கரண்டி. சமையல் ஒப்பந்தக்காரர் சங்கரபாண்டி.

“எதைவே நிறுத்துனீரு? கீழ தும்முதும்முன்னு ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும்லா? இருபது வருஷமா அதுக்குத் தக்கனத்தான் எம் ஆளுவ பரிமாறுவானுவ. அது நின்னதும் பயலுவ பேய் பிடிச்ச மாதிரி ஓடுதானுவ. ரசத்துக்கு முன்னாலேயே பாயசத்தை ஊத்திட்டானுவ. முதல் பந்தி கால் மணி நேரம் முன்னாடியே எந்திரிச்சுட்டு. ரெண்டாம் பந்திக்கு இன்னும் சோறு வடிக்கல. இருநூறு பேர் இலை முன்னால உக்காந்து என் மூஞ்சியப் பாக்கான்!”

தாணு ஞானதிரவியத்தைப் பார்த்தார்.

இசக்கிராஜ் குறுக்கே வந்தான். “தாணு அண்ணாச்சி, இவர் கணக்குல வரமாட்டார். விருந்தாளி வந்து கேக்கணும்னுதான பேச்சு? இவர் நம்மள மாதிரி வேலைக்கு வந்தவரு.”

“எவம்லே வேலைக்கு வந்தவன்? நான் மாப்பிள்ளைக்குச் சித்தப்பன்” என்றார் சங்கரபாண்டி.

பீர்முகமது யாரும் சொல்லாமலே பொத்தானை மேலே தள்ளினான். ஞானதிரவியம் நாலாவது கம்பியை ஒரு முறை இழுத்தார். தரை லேசாக அதிர்ந்தது. சங்கரபாண்டி, “ஆங், இதுதான்” என்று சொல்லிவிட்டுக் கரண்டியோடு இறங்கிப் போனார்.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஒரு சோதனை” என்றார் தாணு.

“தெரியும் தாணு. வேன்ல நீ திரும்பிப் பாத்தப்பவே ஏதோ இருக்குன்னு நினைச்சேன்.” சொல்லிவிட்டு இசக்கிராஜின் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு. லைன் இல்லாட்டாலும் நான் வாசிச்சுக்கிட்டுதான் நின்னேன். அதனாலதான் ரசத்தோட போச்சு. நான் கையை எடுத்திருந்தேன்னு வையி, பந்தியில இருந்தவனெல்லாம் சாப்பிட்டு, மொய் எழுதி, வீட்டுக்குப் போய், நேத்தே தூங்கியிருப்பான்.”

தாணு நோட்டை எடுத்து ஏழு பேரை எழுதினார். எழுதும்போது கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார்.

2022 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, பணகுடியில் ஒரு வரவேற்புக்குச் சுடரொளி குழு புது வண்டியில் ஏழு பேராகப் போனது. டிரம்ஸ் இருந்த இடத்தில் தானாகத் தாளம் போடும் ஒரு ரிதம் பெட்டியை வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கி, பத்திரிகையில் அச்சிட்டிருந்தபடி ஒன்பதரைக்கு முடிந்தது.