குரல் இல்லாத ஒன்பது நாட்கள்

கோடியக்கரைக்குப் போகிற வழியில், உப்பளங்களைப் பார்த்தபடி ஓர் ஓட்டு வீடு. அங்கே தில்லைநாயகி என்று ஒரு டீச்சர் இருந்தார். வயது முப்பத்தாறு. நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகியும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர் பரஞ்சோதி. அவருக்கு ஐம்பத்தெட்டு.

பரஞ்சோதி சென்னையில் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருஷம் தொழில்நுட்பச் செய்திகளைப் பற்றி வாரம் ஒரு பத்தி எழுதியவர். எந்த நிறுவனம் எதை விழுங்கியது, எந்த மென்பொருள் யார் கைக்குப் போனது, நம்முடைய விவரங்கள் எங்கே விற்பனையாகின்றன என்றெல்லாம் எழுதுவார். கோபமாக எழுதுவார், நன்றாகவும் எழுதுவார். ஆனால் கொஞ்ச நாளாக, எழுதி அனுப்பியதும் மனசு காலியாகிவிடும். ஆயிரத்துச் சொச்சம் பத்தி எழுதியாயிற்று. ஒரு நிறுவனமாவது ஓர் அங்குலம் நகர்ந்ததா?

டீச்சர் எழுதிய மென்பொருளுக்குப் பெயர் செவிமொழி. தமிழ் எழுத்தைக் குரலாக்கிப் படித்துக் காட்டும். கண் தெரியாதவர்களுக்காகச் செய்தது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துப்போகலாம் என்று திறந்தே வைத்திருந்தார்.

ஒரு பெரிய நிறுவனம் எடுத்துப்போயிற்று. மெருகேற்றித் தன் கைபேசிகளுக்குள் வைத்தது. மெருகேற்றிய பகுதியை மட்டும் பூட்டிக்கொண்டது. குரல் இனிமையாக இருந்ததால் செவிமொழியைக் கேட்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். டீச்சருக்கு உதவியாக இருந்த நாலைந்து பேரும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

இதைப் பற்றிப் பரஞ்சோதி மூன்று பத்தி எழுதினார். டீச்சர் ஒரு வரிகூட எழுதவில்லை. அது பரஞ்சோதியை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தை மாதம், விடுப்புப் போட்டுவிட்டு, பெட்டியோடு வந்து வாசலில் நின்றார்.

“உங்களுக்குக் கோபமே வரலையா டீச்சர்?”

“வந்துச்சு.”

“என்ன செஞ்சீங்க?”

“நடந்துட்டு வந்தேன். அந்த வருஷம் பூநாரை நிறைய வந்திருந்துச்சு.”

“உங்ககிட்ட கத்துக்கலாம்னு வந்திருக்கேன்” என்றார் பரஞ்சோதி.

“நிரல் எழுதுவீங்களா சார்?”

“தெரியாது.”

“கடுதாசி படிப்பீங்கல்ல? இன்னும் அம்பது அறுபது பேர் நம்ம பழசைத்தான் வச்சிருக்காங்க. எங்க நிக்குது, எங்க தப்பாப் படிக்குதுன்னு எழுதுவாங்க. ஒவ்வொண்ணாப் படிச்சு எனக்குச் சொல்லுங்க. அபிப்பிராயம் வேண்டாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

பக்கத்து வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. விடியும்போது பனியில் உப்பளம் இருக்கிற இடமே தெரியாது. வெயில் ஏற ஏறப் பாத்திகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். உச்சிப் பொழுதில் கானல் எழும்பி, உப்புக் குவியல்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதக்கும். முதல் வாரம் பரஞ்சோதி அதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இரண்டாம் வாரம் கசக்குவதை விட்டுவிட்டார்.

மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, அந்தப் பெரிய நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பயன்பாடு குறைவாக இருப்பதால் தமிழ் உட்படப் பதினாறு மொழிகளுக்கான குரல் சேவை இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது. இதுவரை உடன் பயணித்தமைக்கு நன்றி.

பத்து மணிக்குள் மின்னஞ்சலில் செவிமொழிக்கு முந்நூறு கடிதம் வந்துவிட்டது. திரும்ப வரலாமா என்று கேட்டார்கள். ஆனால் செவிமொழி பழசாகிக் கிடந்தது. புதுக் கைபேசிகளில் ஏறவே ஏறாது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார்.

பரஞ்சோதியும் உட்கார்ந்தார், எழுதுவதற்கு. வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு கூர்மையாக எழுதியதில்லை என்று அவருக்கே தோன்றியது. கொண்டுபோய் டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் வேலையை நிறுத்திவிட்டு முழுக்கப் படித்தார்.

“இதுல ஏதாவது பொய் இருக்கா டீச்சர்?”

“இல்ல. ஒவ்வொரு வரியும் நிஜம்.”

“அப்ப அனுப்பிடட்டுமா?”

டீச்சர் தன் கைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். “சகாயராணி, நான்தாம்மா. இங்க ஒரு சார் இருக்காரு. உனக்குப் படிச்சுக் காட்டுவாரு” என்று சொல்லிவிட்டு அதைப் பரஞ்சோதியின் கையில் கொடுத்தார். “முதல்ல இந்தப் பொண்ணுக்குப் படிங்க சார்.”

சகாயராணி அக்கரைப்பேட்டைக்காரி. வயது இருபத்தாறு. பிறவியிலேயே பார்வை இல்லை. பாடம் படித்துக் காட்ட யாராவது கிடைப்பார்களா என்று அன்று காலை டீச்சரிடம் கேட்டிருந்தாள். இதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது ஒரு பெண் குரல் மட்டும், “சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்” என்றது.

பரஞ்சோதி கனைத்துக்கொண்டு தன் பத்தியைப் படித்தார். ‘பெருநிறுவனங்களின் கருணை என்பது பூட்டப்பட்ட தோட்டத்தின் நிழல்’ என்று ஆரம்பித்து, ஏற்ற இறக்கத்தோடு, கடைசி வரி வரைக்கும். அந்தப் பக்கத்தில் பிரெயிலில் புள்ளி குத்தி எழுதுகிற டொக் டொக் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றுபோனது.

படித்து முடித்ததும் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சார், இது எந்தப் பாடத்துல வருது? எனக்கு வெள்ளிக்கெழம இல்ல, அடுத்த வெள்ளிக்கெழம குரூப் டூ பரீட்சை. வரலாறும் அரசியலமைப்பும் பாதி அப்படியே நிக்குது. ராத்திரி வரைக்கும் போன் படிச்சுது சார். காலைல எழுந்து பாத்தா பேச்சே இல்ல.”

பரஞ்சோதி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புத்தகத்தை அனுப்பும்மா” என்றார் பரஞ்சோதி.

உப்பள ஆட்கள் இளைப்பாறுகிற கீற்றுக் கொட்டகை ஒன்று வரப்பு ஓரத்தில் இருந்தது. அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மறுநாள் காலை மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, கைபேசியை வாயருகே பிடித்தபடி படிக்க ஆரம்பித்தார். காலை ஏழிலிருந்து பத்து வரை. அவள் வேலை முடிந்து வந்ததும் மாலை நாலிலிருந்து ஆறரை வரை. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும்.

முதல் நாள் மேடையில் பேசுவது போலப் படித்தார். “கொஞ்சம் மெதுவா சார்” என்றாள். இரண்டாம் நாள் தொண்டை கட்டியது. மூன்றாம் நாள் குரலில் அலங்காரம் எதுவும் மிச்சமில்லை. வார்த்தை மட்டும் இருந்தது. அடிப்படை உரிமைகள், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்.

“இப்பத்தான் சார் நல்லாப் புரியுது” என்றாள் சகாயராணி.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதில் கானல் ஏறியது. குவியல்கள் மிதந்தன. வரப்பில் நடந்த பெண்கள் தலைச்சுமையோடு மிதந்தார்கள். பரஞ்சோதிக்கு, தான் படிக்கிறோமா, யாரோ படிப்பதைக் கேட்கிறோமா என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. சொற்கள் அவரிடமிருந்து கிளம்பி அந்த வெள்ளை வெளியின் மேல் போய்க்கொண்டிருந்தன. யார் எழுதியது, யாருடைய குரல் என்பதெல்லாம் எங்கோ தூரத்தில் கிடந்தது. பிறகு ஆழமில்லாத நீரில் நின்ற பூநாரைக் கூட்டம் ஒன்றாக எழும்பியது.

“என்ன சார் சத்தம்?”

“பூநாரை. பறக்குதுங்க.”

“எப்படி இருக்கும்?”

“காலு நீளமா இருக்கும். றெக்கையில ரோஸ் கலர்.”

“ரோஸ் எப்படி சார் இருக்கும்?”

ஆயிரம் பத்தி எழுதியவர்தான். வெகுநேரம் யோசித்தார். அதற்குள் பறவைகள் கண்ணுக்கு மறைந்துவிட்டன.

“தை மாசத்துல காலைல ஏழு மணி வெயில் முதுகுல படும்ல? சுடாது. ஆனா படுறது தெரியும். அது மாதிரி.”

அந்தப் பக்கம் டொக் டொக் என்று இரண்டு மூன்று முறை சத்தம் கேட்டது.

“சரி சார். படிங்க.”

ஒவ்வொரு நாள் மாலையும் டீச்சர் கேட்பார். “இன்னைக்கு எங்க நின்னுச்சு?” எந்த வாக்கியத்தில் அவள் திரும்பப் படிக்கச் சொன்னாள், எந்த எண்ணைத் தப்பாக வாங்கிக்கொண்டாள், எங்கே மூச்சு விட்டதும் அவளுக்குப் புரிந்தது என்று பரஞ்சோதி சொல்வார். செவிமொழிக்கு நீளமான வாக்கியத்தில் எங்கே நிறுத்துவது என்று அதுவரை தெரியாது. டீச்சர் அவர் சொல்வதை எழுதிக்கொள்வார். பிறகு திரையின் பக்கம் திரும்பிவிடுவார். சாப்பிட்டாரா என்றுகூட யாரும் கேட்க முடியாது.

நாளிதழிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். “சார், எல்லாரும் எழுதிட்டாங்க. உங்களோடது வரவே இல்லையே?” பரஞ்சோதி, “பதினாறாம் பாடம்... இல்ல, பதினேழாம் பாடம் பாக்கி இருக்கு, அப்புறம் பேசறேன்” என்று உளறி வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், செவிமொழியின் புதுப் பதிப்பு வெளியானது. குரல் இனிமை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தகரம். ஆனால் எல்லாக் கைபேசியிலும் ஏறியது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியது. சகாயராணி கூப்பிட்டாள்.

“சார், இது உங்கள மாதிரியே மூச்சு விடுது.”

பரஞ்சோதி அடுத்த பாடத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தார்.

“கடைசி ரெண்டு பாடத்த அதுலயே கேட்டுக்கவா?”

“கேட்டுக்கம்மா.”

அன்று இரவு தன் பத்தியை எடுத்துப் பார்த்தார். முதல் வரியை அடித்தார். பாதிக்கு மேல் அடித்தார். அந்தத் திங்கட்கிழமை காலை யார் யார் கைபேசியில் குரல் நின்றது, அவர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். கீழே, செவிமொழியை எப்படி நிறுவுவது என்று நாலு வரி சேர்த்து அனுப்பினார். அது வெளியானது. நிறையப் பேர் படித்தார்கள். பயனாளர்களின் உணர்வை மதிக்கிறோம் என்று நிறுவனம் இரண்டு வரியில் பதில் சொன்னது. குரல் திரும்ப வரவில்லை. ஆனால் திருச்சியிலிருந்து ஒரு பெண்ணும் சிவகாசியிலிருந்து ஓர் அச்சகக்காரரும் நிரல் வேலையில் கைகொடுக்கிறோம் என்று எழுதினார்கள்.

சகாயராணி பரீட்சை எழுதினாள். “மோசமில்ல சார். பொதுப் பட்டியல்ல ரெண்டு கேள்வி வந்துச்சு” என்றாள். முடிவு வர மாதக்கணக்காகும்.

பரஞ்சோதியின் விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தபோது இன்னொரு கடிதம் வந்தது. வேறொரு பெரிய நிறுவனம். மிகவும் மரியாதையான கடிதம். செவிமொழியின் புதுப் பதிப்பைத் தங்கள் கைபேசிகளில் சேர்க்கப்போவதாகவும், உரிமத்தின்படி அனுமதி தேவையில்லை என்றாலும் தகவலுக்காகச் சொல்வதாகவும் எழுதியிருந்தார்கள்.

பரஞ்சோதி அதைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் வாசலில் நின்று, பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தடவை பூட்டிடலாமே டீச்சர்.”

“பூட்டினா திருச்சிப் பொண்ணு எப்படி உள்ள வரும்?”

“பெரிய கம்பெனிக்கு மட்டும் பூட்டலாம்.”

“அந்தக் கம்பெனி போனை வச்சிருக்கிறவங்க யாரு?”

பரஞ்சோதி யோசித்தார். அவருடைய குரல் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

“எடுத்துட்டுப் போவாங்க டீச்சர். மெருகு போடுவாங்க. நம்ம ஆளுங்க எல்லாம் அங்க போயிடுவாங்க. மூணு வருஷம் கழிச்சு ஒரு திங்கட்கெழம காலைல, பயன்பாடு குறைவுன்னு சொல்லி நிறுத்திடுவாங்க.”

“நிறுத்துவாங்க.”

“அப்ப நூறு சகாயராணி போன் பண்ணுவாங்க. என்ன செய்யறது?”

டீச்சர் உப்பளத்திலிருந்து பார்வையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

“அன்னைக்கு நீங்க இங்க இருப்பீங்களா, சார்?”